மூன்றாவது 'வேண்டாம்'

மார்ச் 3, செவ்வாய்

காலையில் மழை. கடை திறப்பதற்கு முன் எல்லோரையும் நிற்கவைத்து மேலாளர் பேசிக்கொண்டிருந்தார். நான் கண்ணாடிக் கதவில் வழிந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஆளே இல்லாமல் மேலே போய்க்கொண்டிருந்த எஸ்கலேட்டரை. அதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் கண் சொக்கும். காதில் விழுந்தது இவ்வளவுதான்: வருகிற ஒவ்வொருவரிடமும் கடையின் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்க வேண்டும். "ஒரு தடவை வேணாம்னு சொன்னா அது வேணாம் இல்ல. மூணாவது தடவையும் சொன்னாத்தான் விடணும்." கார்டு பிடித்தவர்களுக்கு மறுநாள் காலை கைதட்டல்.

பில் கவுன்ட்டரில் எனக்கு இரண்டு பேர் மாட்டினார்கள்.

மார்ச் 6

தூக்கத்தில் "கார்டு போட்டுக்கிறீங்களா?" என்றேனாம். அக்கா மூன்று தடவை "வேணாம்டி, படு" என்ற பிறகுதான் வாயை மூடினேனாம்.

மார்ச் 10

மாடியில் செருப்புப் பிரிவில் இருப்பவனுக்கு நாங்கள் வைத்த பெயர் 'சரிங்க'. மண்டி போட்டு வாடிக்கையாளர் காலில் ஷூவை மாட்டிவிட்டு, அண்ணாந்து பார்த்து, கார்டு வேண்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்பான். வேண்டாம் என்றால் "சரிங்க" என்று லேஸ் கட்டப் போய்விடுவான். இதுவரை ஒரு கார்டு பிடிக்கவில்லை. அவனுக்காக நாங்கள் தலையில் அடித்துக்கொள்கிறோம். அவனோ பூக் கட்டுவதுபோல நிதானமாக லேஸில் முடிச்சுப் போடுகிறான்.

மாடியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் இன்று இரண்டு தடவை போனேன்.

மார்ச் 14

சாப்பாட்டு அறையில் 'சரிங்க'வையும் என்னையும் தவிர யாரும் இல்லை. "வேலை முடிஞ்சு பாலம் வரைக்கும் நடந்துட்டு வரலாமா?" என்றான்.

"இல்ல, வீட்ல தேடுவாங்க" என்றேன். யார் தேடுவார்கள்? அக்கா எட்டு மணிக்கே தூங்கிவிடுவாள்.

"சரிங்க" என்று டப்பாவைக் கழுவப் போய்விட்டான்.

அவ்வளவுதானா! இன்னும் இரண்டு தடவை பாக்கி இருக்கிறதே என்று குழாயடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரம் போனதே தெரியவில்லை.

மார்ச் 15

அவன் திரும்பக் கேட்கவில்லை.

மார்ச் 17

கேட்கவில்லை. அக்காவிடம் சொல்லித் தொலைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "வேணாம்னதும் விட்டுட்டுப் போறவன் நல்லவன்டி. நீ எதுக்கு வேணாம்ன?"

எதுக்குச் சொன்னேன்? கேள்வி காதில் விழுந்ததும் வாய் தானாகச் சொன்னது. கவுன்ட்டருக்கு வருகிறவர்களும் இப்படித்தானோ?

மார்ச் 21

ஒரு பெண், தோளில் தூங்கும் குழந்தையோடு. இரண்டு முறை வேண்டாம் என்றாள். மூன்றாவது முறை கேட்டதும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டாள். ஆசைப்பட்டுப் போடவில்லை, வீட்டுக்குப் போனால் போதும் என்று போட்டாள். குழந்தையின் தலை நழுவ நழுவ, ஒரு கையால் எழுதினாள்.

எனக்குக் கூசிவிட்டது.

மார்ச் 22

காலையில் எனக்குக் கைதட்டினார்கள். கை தட்டி முடித்ததும், மாதக் கடைசிக்குள் ஒரு கார்டுகூட இல்லாதவர்களுக்கு வேலை இல்லை என்றார் மேலாளர். அப்படி இருப்பது ஒருவன்தான்.

சாயங்காலம் மாடிக்கு ஓடினேன். "என்னோடதுல ஒண்ணை உங்க பேர்ல போட்டுடட்டுமா?"

"வேணாங்க."

"யாருக்கும் தெரியாது. போடட்டுமா?"

"வேணாங்க" என்றவன் சிரித்துவிட்டான். "இன்னொரு தடவையும் கேட்டுடுங்க, சட்டப்படி முடிஞ்சிடும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. போகப்போறான், இது என்ன லூசு மாதிரி சிரிக்கிறான்!

மார்ச் 31

கடைசி நாள். நாளெல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருந்தது. யார் பேசியதும் சரியாகக் கேட்கவில்லை. யாரிடமும் இரண்டாம் முறை கேட்கவும் இல்லை. சாயங்காலம் மாடி ஏறினேன். ஷூ பெட்டிகளை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தான், நாளைக்கும் வரப்போகிறவன் மாதிரி.

"பாலம் வரைக்கும் போலாமா?" நான்தான். என் குரல்தான்.

"இன்னைக்கு முடியாதுங்க. அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

"சரிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். எஸ்கலேட்டரில் பாதி இறங்கியிருப்பேன், மேலே நின்று கத்துகிறான்: "நாளைக்குப் போலாமான்னு கேப்பீங்கன்னு பார்த்தேன்!"

"திரும்பக் கேக்கறது உங்களுக்குப் பிடிக்காதே!"

"கார்டுக்குத்தாங்க!"

கீழே நின்ற வாடிக்கையாளர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஏப்ரல் 9

காலையில் எனக்கும் கைதட்டல் இல்லை. ஒரு வாரமாகவே இல்லை. மேலாளர் என் பக்கம் பார்க்கும் பார்வை சரியில்லை. மாதக் கடைசிவரை போகட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

அவனுக்கு ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்துவிட்டது. பாலத்தில் சாய்ந்தபடி அதைப் பற்றித்தான் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். நான் கேட்டது பாதிதான். விளக்கெல்லாம் தண்ணீரில் நீளமாக ஆடிக்கொண்டிருந்தன. திரும்பி வரும்போது பார்க்கிறேன், என் கை அவன் கைக்குள் இருக்கிறது. இதற்கு மட்டும் யாரும் யாரையும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.