போகவிட்ட மூன்று கப்பல்கள்

மரைன் ஹில், போர்ட் பிளேர்
11-2-1966

மகா-ள-ஸ்ரீ அவர்கள் சமூகத்துக்கு விசாலாட்சி வணக்கமாக எழுதிக்கொள்வது. நானும் ஜெயமணியும் குழந்தையும் சுகம். உங்கள் மூட்டுவலி இந்தப் பனியில் அதிகமாகியிருக்குமே என்பது கவலை. தைலம் உள்ளறை அலமாரியில் இருக்கிறது.

இது விமானத் தபாலில் வருகிறது. மாப்பிள்ளையின் தந்தி இதற்கு முன்பே வந்திருக்கும். அவர் உங்கள் அக்கா மகன், நீங்கள் தோளில் போட்டு வளர்த்த பிள்ளை. அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் இதைக் கடைசிவரை வாசியுங்கள்.

பிரசவம் பார்க்க வந்தவள் தை பிறந்ததும் தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வருவதாகத்தானே பேச்சு. மூன்று கப்பல்கள் போய்விட்டன. ஒவ்வொரு தடவையும் இடம் கிடைக்கவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார், நானும் அப்படியே உங்களுக்கு எழுதினேன். என் கடிதங்களை அவர் படித்துப் பார்த்துத்தான் தபாலில் சேர்த்தார். ஜெயமணி எழுதியதாக இரண்டு வருஷமாக நமக்கு வந்தவையும் அவர் சொல்லச் சொல்ல எழுதியவைதான். சமுத்திரக் காற்று ஒத்துக்கொண்டது, ஒரு சுற்று பெருத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாளே, அதை எழுதிய கை முழங்கைக்கு மேல் கோணலாக நிற்கிறது. கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்றாள். பிறகு ஒரு நாள், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, வழுக்கவில்லை அம்மா என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் பாம்பூஃப்ளாட்டில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. பெண்ணுக்குப் புத்தி சரியில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறார். என்னிடம், "அத்தை, வெளியே போயிடாதீங்க. இங்க யாருக்கும் தமிழ் தெரியாது. வழி தப்பினா நாலு பக்கமும் கடல்தான்" என்றார். நான் நம்பினேன். நீங்கள் இல்லாமல் கும்பகோணத்துக்குக்கூட பஸ் ஏறாதவள்தானே. மூன்று மாதம் ஜன்னல் வழியாக ஃபெர்ரிப் படகு வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதக் கடைசியில் குழந்தைக்கு ஜுரம் வந்தது. மாப்பிள்ளை எட்டு மணி ஃபெர்ரியில் ஆபீஸ் போய்விட்டார். படகுத்துறைக்குப் பக்கத்தில் கீழக்கரைக்காரர் அய்யூப் என்பவர் கடை வைத்திருக்கிறார். அங்கே ஓடினேன். மருந்து அக்கரையில் அபர்தீன் பஜாரில்தான் கிடைக்கும் என்றார்கள். அவர் மனைவி மெஹர்பானு, "பயப்படாதீங்கம்மா, இந்த ரெண்டு வார்த்தை போதும்" என்று 'அபர்தீன் ஜாயேகா?', அதாவது அபர்தீன் போகுமா என்பதை இந்தியில் என் வாயால் பத்துத் தடவை சொல்ல வைத்துப் படகில் ஏற்றிவிட்டாள்.

அக்கரையில் சாத்தம் துறையில் இறங்கி, அங்கே நின்ற பஸ்ஸில் கேட்டேன். கண்டக்டர் என்னவோ சொன்னார், அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். அது ஊரைத் தாண்டி வயல்காட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. இறங்கி அங்கேயே அழுதேன். கூடை வைத்திருந்த ஒரு வங்காளத்து அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, வந்த பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் மூன்று முறை சொல்லிவிட்டுப் போனாள். மருந்து வாங்கித் திரும்பும்போது ஆபீஸ் விடும் நேரமாகிவிட்டது. படகில் ஏறிய பிறகுதான் பார்க்கிறேன், பத்தடி தள்ளி மாப்பிள்ளை நிற்கிறார். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். இக்கரையில் அவர் சிகரெட் வாங்க நின்றார். நான் பின்வழியாக ஓடினேன். இந்த வயதில் எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை.

வழி தெரிந்துவிட்டதல்லவா, அடுத்த வாரம் கப்பல் ஆபீஸுக்கே போனேன். அங்கே இருந்த மலையாளத்துக்காரருக்குத் தமிழ் தெரிந்தது. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். மூன்று கப்பலுக்கும் எங்கள் பேரில் யாரும் எழுதி வைக்கவில்லை, மூன்றிலும் இடம் காலியாகத்தான் போனது என்றார். அந்த ஆபீஸ் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து போய் எங்கள் பேர்களைக் கொடுத்தேன். டிக்கெட்டுக்கு என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். என் கைகளைப் பார்த்தால் தெரிந்துகொள்வீர்கள்.

செவ்வாய்க்கிழமைதான் கப்பல். நேற்று முன்தினம் மாப்பிள்ளை ஆபீஸ் போனதும் கிளம்பிவிட்டோம். மெஹர்பானுவின் அண்ணன் ஜமீல் வீடு இந்த மரைன் ஹில்லில் இருக்கிறது. அங்கேதான் இருக்கிறோம். ஜெயமணி இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் படகு ஏறினாள். அக்கரை வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

நேற்று மாப்பிள்ளை இங்கே வந்துவிட்டார். யார் சொன்னார்களோ. வாசலில் நின்று எல்லாரும் பார்க்க அழுதார். கோபத்தில் எப்போதோ ஒரு தடவை கை நீண்டுவிட்டது என்றார். உள்ளே வந்து பார்த்தால் ஜெயமணி குழந்தையின் துணிகளை மடித்து மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள், அவரோடு போவதற்கு. நான் மூட்டையைப் பிடுங்கி அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். உங்கள் பெண்ணைத் தடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஜமீல் வெளியே போய், "சாப், இப்ப போங்க, பிறகு பேசிக்கலாம்" என்று பதமாகச் சொல்லி அனுப்பினார். போகும்போது மாப்பிள்ளை அழவில்லை. "மாமாவுக்குத் தந்தி கொடுக்கிறேன். அவர் ஒரு வார்த்தை சொன்னா நீங்க ரெண்டு பேரும் தானா வந்து நிப்பீங்க" என்றார்.

அதுதான் எனக்குப் பயம். இங்கே மலை மேலிருந்து பார்த்தால் துறைமுகம் முழுவதும் தெரிகிறது. கப்பல் இன்னும் வரவில்லை. வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் ஜெயமணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுகிறாள். இன்னும் நாலு நாள். அதற்குள் உங்கள் பதில் தந்தி வந்துவிடும், இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேருமோ என்னவோ.

சென்னைக்குக் கப்பல் சனிக்கிழமை வாக்கில் வரும் என்கிறார்கள். துறைமுகத்துக்குத் தனியாக வாருங்கள், அக்காவை அழைத்து வர வேண்டாம். ஜெயமணியை ஒன்றும் விசாரிக்காதீர்கள். அவள் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டால் போதும்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் உங்கள் சொல்லை நான் மீறியதில்லை. இப்போதும் மீற எனக்கு மனம் இல்லை. அதனால் உங்களிடமிருந்து தந்தி வந்தால் அதைப் பிரிக்க மாட்டேன். யாரையும் வாசித்துச் சொல்லவும் விடமாட்டேன். அப்படியே பெட்டியில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறி, துறைமுகத்தில் உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். அதில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று என்றைக்கும் கேட்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பனியில் வெளியே படுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கரையில் உங்கள் முகத்தைத் தேடிக்கொண்டு வரும்
விசாலாட்சி