வீட்டை ஒதுங்க வைக்காதே

தம்பி,

அப்பாவுக்கு எவ்வளவு உதவி தேவை என்று பார்த்து ஆள் அனுப்ப முடிவு செய்யும் கேர் மேனேஜர் அம்மா பத்து மணிக்கு மறுபடியும் வருகிறார். வீட்டை ஒதுங்க வைக்காதே. நனைந்த படுக்கை விரிப்பையும் ஒளிக்காதே.

போன தடவை அப்பாவுக்கு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிவிட்டு, "அவரு வேலைய அவரே பாத்துக்குவாரு" என்று அளந்து விட்டாய். அந்த அம்மாவும் நம்பி, ஆள் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டார். அன்று சாயங்காலமே குளியலறையில் விழுந்தவரைத் தூக்கியது யார்? உன் கௌரவத்துக்கு என் முதுகுதான் கிடைத்ததா?

எனக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் உன்னை நம்பியிருக்க மாட்டேன். கஞ்சி அடுப்பில் இருக்கிறது.

அக்கா

பி.கு.: அந்த அம்மாவைப் பார்த்ததும் அப்பா வீம்புக்கு எழுந்து நடந்து காட்டுவார். தடுக்காதே, அந்த அம்மா பார்க்கட்டும். ஆனால் நீ அப்பாவை ஒட்டியே பின்னால் நில்.