மூன்றாங் கண்ணாறு

புத்தூர், திருச்சி
11-05-2024

அன்புத் தங்கை பிரான்சிக்கு,

அண்ணன் கிளமென்ட் எழுதுவது. நீயும் ஆசீர் மாப்பிள்ளையும் பெலிண்டா குட்டியும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அண்ணி சகாயம்மாளும் நலம். என் வயிறு மட்டும் நலத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினாலோ மாப்பிள்ளை படிக்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுகிறார். அதனால்தான் நாளை மஸ்கட் திரும்புகிற மஜீதா டீச்சர் கையில் இதையும் மூன்று படங்களையும் கொடுத்தனுப்புகிறேன். படங்களைக் கடைசியில் பார்.

ஊர்ச் செய்தி ஒன்று சொல்லாவிட்டால் எனக்குக் கடிதம் ஓடாது. காட்டூர் பிராங்க்ளின் தலைக்கு மை அடித்துக்கொண்டு பெண் பார்க்கப் போனானாம். மீசையை மறந்துவிட்டான். மாப்பிள்ளை எது, மாப்பிள்ளையின் அப்பா எது என்று பெண் வீட்டார் ஒரே முகத்தில் தேடியிருக்கிறார்கள்.

இனி உன் மனை விஷயம். வருகிற இருபதாம் தேதி திங்கட்கிழமை அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட மேஸ்திரி மருதை நாள் குறித்திருக்கிறார். அதற்குள் எனக்கு ஒரு பதில் வேண்டும். வீட்டை இருபது அடி கிழக்கே தள்ளிக் கட்டச் சம்மதமா? வாசலும் தோட்டமும் சுருங்கும். மாப்பிள்ளை போட்ட பிளான் கெடும். தெரிந்துதான் கேட்கிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக்காக, ட்ரோன் எடுத்த வயல் படங்களின் மேல் கம்ப்யூட்டரில் கோடு போடுகிறவன். சோழர் காலத்து வரப்பும் வாய்க்காலும் உழுது உழுது மறைந்துபோனாலும் மண்ணுக்குள் அவற்றின் தடம் இருக்கும். தூர்ந்த வாய்க்காலில் வண்டல் ஆழமாக இருப்பதால் ஈரம் நிற்கும். கோடையில் சுற்றிலும் புல் கருகிய பிறகும் அதன்மேல் உள்ள புல் மட்டும் பச்சை பிடித்து நிற்கும். தரையில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலேயிருந்து பார்த்தால் பழைய ஊர் கட்டம் போட்ட லுங்கி மாதிரி விரிந்து கிடக்கும்.

கொள்ளிடத்துக்கு வடக்கே, சமயபுரம் போகிற வழியில் அந்த மனையை வாங்கச் சொன்னவனே நான்தான். காற்று, ரோடு, பஸ், சர்ச் தூரம் எல்லாம் பார்த்தேன். மேலேயிருந்து மட்டும் பார்க்கவில்லை. ஏப்ரலில் எங்கள் ட்ரோன்காரர் ரசூல் அந்தப் பக்கம் எடுத்த படம் வந்தது. உன் மனையின் மேற்குப் பாதியில், வடக்கு வேலியிலிருந்து தெற்கு வேலி வரைக்கும் ஒரு பச்சைக் கோடு. நடுவில் முழங்கை மடக்கினாற்போல் ஒரு வளைவு.

அக்கம்பக்கத்தில் அந்த இடத்தைக் கண்ணேறு கொல்லை என்கிறார்கள். அதைக் கேட்ட மருதை பெரிய பூசணிக்காயில் அரக்கன் முகம் எழுதிக் கட்டிவிட்டார். உன் அண்ணி விடுவாளா? ஃபாதரிடம் தீர்த்தம் வாங்கிவந்து தெளித்தாள். இருவரும் திருஷ்டியை ஆளுக்கொரு பக்கமாக விரட்டினார்கள். நான் படத்தை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். எங்களுக்குக் கல்வெட்டுகளின் மைப்படிகளை வாசித்துக் கொடுக்கும் அழகியமணவாளனைப் பார்க்கத்தான். கேட்டதும் மனிதர் மேல்துண்டு நழுவச் சிரித்தார்.

"ஓய் கிளமென்ட், கண்ணேறு இல்லை காணும், கண்ணாறு. வயலுக்கு ஜலம் கொண்டுபோற சின்ன வாய்க்கால். ஜலத்துக்குப் போய்ப் பூசணிக்காய் கட்டியிருக்கேளே" என்றார்.

பக்கத்து ஊர்க் கல்வெட்டின் மைப்படி ஒன்றை எடுத்துக் காட்டினார். வதிக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு, மூன்றாங் கண்ணாறு என்று அதில் இருந்தது. வதி என்றால் வயல்வழியாம். தெருவுக்குக் கதவு எண் போல அப்போது வயலுக்கு இது. ஊர் வாயில் ஆறு ஏறாகிவிட்டது. நானும் சிரித்துவிட்டுக் காபி குடித்துத் திரும்பினேன். அதுவரைக்கும் இது தமாஷ்தான்.

போன செவ்வாய்க்கிழமை மனையில் செங்கல் இறங்கியது. உனக்கு அனுப்பலாமே என்று ரசூலை மேலேயிருந்து வீடியோ எடுக்கச் சொன்னேன். காலை பதினொரு மணி, நல்ல வெயில். கிழக்கே லாரி. ஏழு பேர் தலையில் செங்கல் சுமந்து மேற்கு மூலைக்குப் போய்வருகிறார்கள். எடுத்ததை என்னிடம் காட்டும்போது ரசூல், "அண்ணே, இவங்க காலைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். தட்டையான தரை, பிரான்சி. தோசைக்கல் மாதிரி. ஆனால் ஒவ்வொருவரும் ஒரே இடத்தில் அரைக்கணம் தயங்கி, காலை எட்டி வைத்துத் தாண்டுகிறார்கள். போகும்போதும், வரும்போதும். பின்னால் வந்த ஓர் ஆடு துள்ளியே தாண்டியது. நான் ஏப்ரலில் போட்ட கோட்டை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். இந்தக் கரையில் ஒரு கால், அந்தக் கரையில் ஒரு கால்.

மருதையிடம் அங்கே பள்ளம் உண்டா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். வேலைக்கு வந்தவர்களைக் கேட்டால், அப்படித் தாண்டியதே ஒருவருக்கும் நினைவில்லை. அவர்களைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது ரசூல் வீடியோவைக் கொஞ்சம் ஓட்டினார். குடை பிடித்த ஒரு தொப்பைக்காரர் வருகிறார். சரியாக அந்த இடத்தில், நனைந்துவிடக் கூடாது என்பதுபோல் வேட்டியை முழங்கால் வரை தூக்குகிறார். தாண்டுகிறார். வேட்டியைக் கீழே விடுகிறார். அந்த அழகன் நான்தான். எனக்கும் நினைவில்லை.

மறுநாள் நடுக்கோட்டில் கால் வைத்தே தீருவது என்று போனேன். மூன்று தடவை முயன்றேன். கால் இறங்கவில்லை. 'சார் டான்ஸ் பழகுறாரு' என்று மருதை யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. பிறகு அவரே வந்து முயன்றார். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை.

இவ்வளவோடு விட்டிருப்பேன். ஆனால் ஜனவரியில் நீங்கள் லீவுக்கு வந்திருந்தபோது, மனையைப் பார்க்கப் போன அன்று ரசூல் சும்மா பறக்கவிட்டு எடுத்த வீடியோ ஒன்று இருந்தது. நேற்றுதான் தேடி எடுத்தோம். சமையலறை எந்தப் பக்கம் என்று நீயும் மாப்பிள்ளையும் சண்டை போடுகிறீர்கள். நான் நடுவில் நின்று இருவருக்கும் தலையாட்டுகிறேன். நம் மூவரின் முதுகுக்குப் பின்னால், மேற்கே, பெலிண்டா தனியாக இருக்கிறாள்.

நான் சொல்லிக்கொடுத்த காகிதப் படகை வடக்கு வேலியோரம் தரையில் வைக்கிறாள். கையை எடுக்கிறாள். பிறகு எழுந்து, தலையைக் குனிந்தபடி மெல்ல நடக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி கூடவே போகிறது. காற்றாக இருக்கும் என்றார் ரசூல். அதே படத்தில் தென்னங்கீற்று ஒன்றுகூட அசையவில்லை. நடுவில் அவள் முழங்கை போல் வளைந்து திரும்புகிறாள். அந்த வளைவை ஏப்ரலில்தான் நான் வரைந்தேன். ஜனவரியில் அது எனக்கே தெரியாது. தெற்கு வேலியில் மண்டியிட்டுக் கையை நீட்டுகிறாள். அப்போது நீ கூப்பிட்டாய், ஓடிவந்துவிட்டாள். புள்ளியைக் காணோம்.

அன்று அவள் என்னிடம் வந்து, "மாமா, என் படகு உள்ளே போயிடுச்சு" என்றாள். வேறு செய்துதருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

மாப்பிள்ளையின் பிளானை எடுத்துக் கோட்டின்மேல் வைத்தேன், நான் அனுப்பும் மூன்றாவது படம் அதுதான். பெலிண்டாவின் கட்டில் அந்த வளைவில் வருகிறது.

வீட்டைத் தள்ளிக் கட்டுவோம் பிரான்சி. அந்தக் கீற்று நிலத்தை அப்படியே விட்டுவிடுவோம். சுவர் வேண்டாம், செடியும் வேண்டாம். மருதையிடம் சொன்னேன். காரணம் கேட்காமல் சரி என்றார். மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும், ஐம்பத்திரண்டு வருஷமாக எனக்கு அது பழக்கம். நீ மட்டும் சிரிக்காமல் பதினெட்டாம் தேதி சனிக்கிழமைக்குள் சரி என்று ஒரு வார்த்தை சொல்.

படகைப் பற்றிக் குழந்தையிடம் எதுவும் கேட்காதே. டிசம்பரில் வரும்போது மனையில் அவள் கையை விடாதே. இதைப் படித்த இரவு தூங்கவைக்கும்போது அவள் நெற்றியில் சிலுவை போடுவாய் அல்லவா, என் பேரைச் சொல்லி அவள் பாதங்களிலும் ஒன்று போடு.

உங்கள் மூவரையும் தேவமாதா காப்பாளாக.

உன் அண்ணன்
கிளமென்ட்