அம்பயர் கை

12 ஜூன் 2024, புதன்

தொழிலாளர் நீதிமன்றத்தில் என் முதல் குறுக்கு விசாரணை. பானுப்ரியாவுக்காக. முழங்கால் போனதும் கம்பெனி அவளைக் கபடி அணியிலிருந்து எடுத்தது, கூடவே வேலையிலிருந்தும். கம்பெனி மேலாளரைக் கூண்டில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீதிபதி கையை உயர்த்தினார். உட்கார்ந்துவிட்டேன்.

டைப்பிஸ்ட் அடித்து முடிக்கட்டும் என்றுதான் கை காட்டியிருக்கிறார். நான் உட்கார்ந்ததைப் பார்த்து, வேறு கேள்வி இல்லை என்று பதிவு செய்யச் சொன்னார். அப்போதும் எழுந்திருக்கவில்லை. கபடி ஆடி வளர்ந்த உடம்பு. அம்பயர் கை தூக்கினால் பேசக் கூடாது, கோட்டுக்கு வெளியே போய் உட்கார வேண்டும்.

முக்கியமான கேள்வி என்னோடேயே பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வந்தது. காவேரிப் பாலத்தில் அழுதேன். ச்சே.

13 ஜூன்

சீனியர் ரத்தினவேல் ஆபீஸில் எல்லோர் முன்னாலும் கேட்டார். "என்னம்மா, ஜட்ஜு கை தூக்கினா நீங்க அவுட்டா?"

சிரித்தார்கள். நானும்தான். பிறகு, இனி வாய்தா வாங்கப் போனால் போதும் என்று கேஸ் கட்டைத் தன் பக்கம் இழுத்தார். அதன் மேல் கையை வைத்தேன்.

"இல்ல சார். சாட்சியை மறுபடி கூப்பிடச் சொல்லி நானே மனு போடறேன்."

"தள்ளிட்டாங்கன்னா?"

"அந்தப் பொண்ணுகிட்ட நானே போய்ச் சொல்றேன்."

அவர்தான் கையை எடுத்தார்.

14 ஜூன்

முப்பத்தாறு வயதில் சட்டக் கல்லூரியில் சேர்ந்தபோதும் சிரித்தார்கள்தானே? சிரிக்கட்டும்.

21 ஜூன், வெள்ளி

பானுப்ரியா வந்தாள். மாடி ஏற முடியாமல் கீழேயே நின்றாள். இறங்கிப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"நானா இருந்தாலும் உக்காந்திருப்பேன்க்கா," என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை.

3 ஜூலை

மனு ஏற்கப்பட்டது. மேடம் பழக்கதோஷத்தில் உட்கார்ந்ததற்கெல்லாம் எங்கள் சாட்சி திரும்ப வர வேண்டுமா என்றார் கம்பெனி வக்கீல் மாதவன்.

ஆமாம், வரணும். இப்ப என்ன?

24 ஜூலை, புதன்

மேலாளர் மறுபடி கூண்டில். கேட்டேன்: "ஆண்கள் டீம்ல அடிபட்டு ஆட முடியாமப் போனவங்களுக்கு ஆபீஸ்ல வேலை குடுத்திருக்கீங்களா?"

மாதவனைப் பார்த்தார். "ரெண்டு பேருக்குக் குடுத்தோம்."

"பானுப்ரியாவுக்கு?"

"இல்லைங்க."

நீதிபதி கையை உயர்த்தினார்.

முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். டைப்பிஸ்ட் அந்த 'இல்லை'யை அடித்து முடிக்கும்வரை நின்றேன்.

கை இறங்கியது. அடுத்த கேள்விக்குப் போனேன்.