பின்வளவில் புதைத்த திராட்சைச் சாடி

நண்பா, இன்று வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கையில் பக்கத்துத் தேவாலயத்திலிருந்து தேன்மெழுகு மணம் வந்தது. கால் உளைவு வேறு. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு உன்னை நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

லண்டனில் எங்கள் நோர்பரி வீட்டின் மேலறைக்கு நீ ஜோர்ஜியாவிலிருந்து அகதியாக வந்து சேர்ந்தாய். வேலை செய்ய அனுமதி இல்லை. குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் இருந்து கடிதம் வரும்வரை காத்திருப்பதுதான் உன் வேலை. ஒருநாள் பெரிய மண்சாடி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தாய். உள்ளே தேன்மெழுகை உருக்கிப் பூசி, உங்கள் ஊர் முறையில் வைன் போடப் பின்வளவில் கழுத்தளவுக்குப் புதைத்தாய்.

"வளவைக் கிண்டி என்ன செய்யிறார் இவர்? வீட்டுக்காரன் கண்டால் எங்களையும் வெளிக்கிடச் சொல்லுவான்," என்றாள் என் மனைவி.

நான் வேலை செய்த கடையில் மிஞ்சிய வெள்ளைத் திராட்சையைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தேன். தோலும் விதையும் காம்புமாக மிதித்துச் சாடியில் விட்டாய். நுரைத்துப் பொங்கிய நாட்களில் தடியால் கிளறிக்கொண்டே இருந்தாய். அடங்கியதும் தளக்கல் ஒன்றால் மூடி, விளிம்பை ஈரக் களிமண்ணால் அடைத்தாய். பங்குனியில் திறப்பதாக இருந்தோம்.

மார்கழியில் உன் தாய்க்கு நோய் வருத்தம் கடுமை என்று செய்தி வந்தது. அகதி வழக்கை விட்டுவிட்டுப் புறப்பட்டாய். போனால் திரும்பி வர ஏலாது என்று இருவருக்கும் தெரியும். எங்களிடம் பழகிய அரைகுறைத் தமிழில், "அண்ணை, களிமண் காயக்கூடாது. தண்ணி தெளியுங்கோ," என்றாய்.

"ஓம், நான் பாக்கிறன்."

பார்க்கவில்லை. இரண்டு ஷிப்ட். வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றவும் தெம்பிருக்காது. பங்குனியில் கல்லைத் தூக்கியபோது களிமண் வெடித்து உதிர்ந்தது. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "காத்துப் பட்டுப் புளிச்சுப்போச்சு. வினாகிரியெல்லே இது."

அடுத்த ஞாயிறு நீ போன் எடுத்தாய்.

"திறந்தியளா, அண்ணை?"

"ஓம். நல்லா வந்திருக்கு."

"என்ன நிறம்?"

"தேன் நிறம்."

அது மட்டும் உண்மை. நீ உன் மொழியில் தாயிடம் என்னவோ சொன்னாய். அவர் சிரிப்பது கேட்டது.

இரண்டு வருடம் கழித்து உன் அக்கா பேசினார். கார் விபத்தில் நீ போய்விட்டாயாம். "லண்டனில் தன்னுடைய வைன் இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லுவான்," என்றார் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில். அவரிடமும் நான் எதையும் திருத்தவில்லை.

களைப்பில்தான் மறந்தேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிவிட்டேன். உண்மைதான், ஆனாலும் மனம் ஆறவில்லை. இப்போது யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா போன் எடுத்து, "எப்பிடியடா இருக்கிறாய்?" என்று கேட்டால், "நல்லா இருக்கிறன்" என்ற சொல் உடனே வருவதில்லை.

"களைப்பாக் கிடக்கம்மா," என்கிறேன்.