வாடை இல்லாத குடி

மார்ச் 3, திங்கள்

இன்றும் தள்ளாடிக்கொண்டுதான் வந்தார் என் வீட்டுக்காரர். செருப்பைக் கழற்றச் சுவரைப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்து கிடந்தது. "தலை வலிக்குதுடி" என்று படுத்தவர்தான், தட்டில் போட்டதைத் தொடவே இல்லை. போர்த்திவிடுகிற சாக்கில் குனிந்து வாயை மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. என்னத்தைக் குடித்தால் வாடை வராது? குடிகார அப்பாவோடு குப்பை கொட்டியவள் நான். என் காதிலேயே பூ சுற்றுகிறாரா?

மார்ச் 9, ஞாயிறு

லீவு. காலையிலிருந்து தெளிவாக இருக்கிறார். ஒழுகும் குழாயைச் சரிசெய்தார், என் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டார், பாட்டு வேறு. ஆக, குடிக் கச்சேரி எல்லாம் வேலை இடத்தில்தான்.

மார்ச் 11, செவ்வாய்

இவர் வேலை பார்க்கும் ஆலைக்கு வருவது யாரும் வாங்காத மட்ட நிலக்கரி, பாதிக்குப் பாதி சாம்பல். அதை அரைகுறையாக எரித்து வாயுவாக்கி, அந்த வாயுவில் மின்சாரம் எடுக்கிறார்கள். இவருக்கு உலையின் உச்சி மாடியில் கரி கொட்டும் வேலை. அங்கே எந்த அதிகாரியும் ஏறுவதில்லையாம். குடிக்க இதைவிட வசதியான இடம் உண்டா?

இவரோடு வேலை செய்கிறவன், 'ஒட்டடை' என்று பட்டப்பெயர், சட்டை தைக்கக் கொடுக்க வந்தான். ஆள் அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. நேராகவே கேட்டேன். "அட போங்க அண்ணி, அங்க பச்சைத் தண்ணி குடிக்கவே நேரமில்ல" என்று சிரித்தான். அவன் முகமும் சிவப்பு. கூட்டுக் களவாணிகள்.

மார்ச் 13, வியாழன்

மாட்டிக்கொண்டார்! துவைக்க எடுத்த சட்டையில், மார்பில் மாட்டுகிற சின்னக் கருவி. ஏதோ கெட்டதை மோப்பம் பிடித்தால் கத்தும் என்று வேலையில் சேர்ந்த புதிதில் சொல்லியிருக்கிறார். அதன் வாயைக் கறுப்பு டேப் போட்டு மூடி வைத்திருக்கிறார். எதற்கு? மூச்சில் சாராயம் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும், வேறெதற்கு!

கேட்டேன். "சும்மா கத்திக்கிட்டே இருக்கும். எல்லாரும்தான் ஒட்டியிருக்காங்க, விடு" என்கிறார். எல்லாருமா? ஆலையே குடிக்கிறதா?

மார்ச் 14, வெள்ளி

ஷிப்ட் என்ஜினியருக்குப் போன் செய்தேன். "என் வீட்டுக்காரர் வேலையில குடிக்கிறார் சார். வேலைய விட்டு எடுத்துடாதீங்க, கண்டிச்சு மட்டும் வைங்க." "நல்லவேளை சொன்னீங்கம்மா" என்றார். குரலில் ஏன் அவ்வளவு சந்தோஷம்?

மார்ச் 18, செவ்வாய்

விழுந்துவிட்டார். உச்சி மாடிப் படியிலிருந்து.

மார்ச் 19, புதன்

உயிருக்கு ஆபத்தில்லை. இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. "எவ்வளவு குடிச்சிருந்தார்?" என்று கேட்டேன். டாக்டரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "குடியா? ஒரு சொட்டு இல்ல. ரத்தத்துல பூரா கார்பன் மோனாக்சைடு, விஷ வாயு. அதுக்கு வாடையும் இல்ல, நிறமும் இல்ல. ரொம்ப நாளா தலைவலி இருந்திருக்குமே?"

வராந்தாவில் ஒட்டடையைப் பிடித்து உலுக்கினேன். அழுதுகொண்டே சொன்னான். "மட்டக் கரி அண்ணி. அதுல இருக்கிற கல்லு, கரி கொட்டுற கதவு இடுக்குல சிக்கிக்கும், கதவு மூடாது, வாயு கசியும். உடனே இந்தக் கருவி கத்தும். கத்துறப்பல்லாம் கீழ இறங்கினா உலை நின்னுடும், என்ஜினியர் திட்டுவார். அதான் ஒட்டிட்டோம்."

சாராயத்துக்கு இல்லையா அது? ஐயோ — நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்!

மார்ச் 22, சனி

என்ஜினியர் பழங்களோடு வந்தார். "குடிச்சிட்டு விழுந்துட்டார்னு மேல சொல்லியாச்சு. நீங்களே சொன்னதுதானேம்மா?" பழத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 2, புதன்

விசாரணை. மூன்று அதிகாரிகள். "நான் தப்பா நினைச்சுட்டேன் சார். அவர் குடிக்கவே மாட்டார். டாக்டரைக் கேளுங்க" என்று கும்பிட்டேன். "டெஸ்ட் எடுக்குறதுக்குள்ள போதை இறங்கியிருக்கும். வேலை போயிடும்னு இப்ப மாத்திப் பேசுறீங்க" என்றார் நடுவில் இருந்தவர். சந்தேகத்தில் சொன்னதை உடனே நம்பினார்கள். தெரிந்து சொல்வதை ஒருவரும் நம்பவில்லை. ஒட்டடை வாயே திறக்கவில்லை. அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 9, புதன்

வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். காரணம், மது. படுக்கையில் இருந்தபடியே கேட்டார், "இதை எவன் கிளப்பிவிட்டான்?"

"நான்தான்" என்றேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. என் பக்கம் திரும்பி மெதுவாகத்தான் சொன்னார்.

"நீ வாயை மோந்து பாக்கிறது எனக்குத் தெரியும். தூங்குற மாதிரி படுத்திருப்பேன். தலை ஏன் வலிக்குதுன்னு ஒரு நாள் கேட்டிருக்கலாம்ல?"