எரிக்கின் படத்துக்கு மாலை இல்லை

என் ஹன்னா அக்காவுக்கு,

இனி உங்களுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை என்ற தைரியத்தில் தமிழிலேயே எழுதுகிறேன். லண்டனில் என் மகள் கலா நம் நடுவில் உட்கார்ந்து சொல்லும்போது, பாதியை விழுங்கிவிடுகிறாள் என்று நம் இருவருக்குமே சந்தேகம் இருந்தது.

இங்கே ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்கால் பச்சை பிடித்திருக்கிறது. உங்கள் படம் எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கிறது. பக்கத்தில் உங்கள் தம்பி எரிக்.

நீங்கள் முதலில் கலா வீட்டுக் கதவைத் தட்டியது சண்டை போடத்தான். நான் மிளகாய் தாளித்த நெடி பக்கத்து வீடான உங்கள் வீடுவரை வந்துவிட்டது. இருமிக்கொண்டே வந்தவர், ரசம் குடித்துவிட்டுப் போனீர்கள். அதற்கப்புறம் எத்தனை சாயங்காலம்! அப்படி ஒரு நாளில்தான் வியன்னாவைப் பற்றிச் சொன்னீர்கள்.

யூதர்கள் என்பதற்காக ஹிட்லரின் ஆட்கள் உங்கள் அப்பாவின் கடையைப் பறித்தார்கள். பிள்ளைகளாவது பிழைக்கட்டும் என்று உங்கள் அம்மாவும் அப்பாவும், இங்கிலாந்துக்குக் குழந்தைகளை மட்டும் ஏற்றிப்போன ரயிலில் உங்கள் இருவருக்கும் இடம் பிடித்தார்கள். கிளம்பும் அன்று எரிக்குக்கு அம்மை போட்டிருந்தது. ஆறு வயது. கட்டிலருகே நின்று, அடுத்த ரயிலில் வா என்று சொல்லிவிட்டு நீங்கள் மட்டும் ஏறினீர்கள். அடுத்த ரயிலுக்குள் யுத்தம் வந்துவிட்டது.

யுத்தம் முடிந்து தேடிப் போனபோது, அம்மாவும் அப்பாவும் முகாமில் கொல்லப்பட்டதைத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். எரிக்கைப் பார்த்ததாகச் சொல்ல ஓர் ஆள் இல்லை. கீழ்வீட்டுக்காரி உங்கள் அம்மாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாளாமே? நீ உயிரோடவா இருக்கே என்று கேட்டாளாமே? அவளை மன்னித்துவிட்டேன் என்றீர்கள். நான் மன்னிக்கவில்லை. கல்யாணத்தில் என் தாய்வீட்டுச் சீரைக் குறை சொன்ன நாத்தனாரையே நான் இன்னும் மன்னிக்கவில்லை. இவளை விடுவேனா? உங்கள் பங்குக் கோபத்தையும் சேர்த்து நானே வைத்திருக்கிறேன்.

பிறகு அந்த மாலை விஷயம். கலா வீட்டில் என் வீட்டுக்காரர் படத்துக்கு நான் பூச்சரம் போடுவதைப் பார்த்து, எதற்கு என்று கேட்டீர்கள். இறந்துபோனவர்களுக்குப் போடுவது என்று கலா சொன்னாள். மறுவாரம் உங்கள் தோட்டத்து வெள்ளைப் பூவையே பறித்துச் சரம் கட்டினேன். நீங்கள் அடுப்படியில் டீ போடும் நேரத்தில் உங்கள் அம்மா படத்துக்கு, அப்பா படத்துக்கு, எரிக் படத்துக்குச் சாத்தினேன். இத்தனை வருஷம் பூ இல்லாமல் கிடந்தார்களே என்று எனக்கு.

நீங்கள் டீயை வைத்துவிட்டு எரிக்கின் சரத்தை மட்டும் எடுத்தீர்கள். கோபப்படவில்லை.

"அவங்க ரெண்டு பேருக்கும் இருக்கட்டும்," என்று உங்கள் பேச்சைக் கலா சொன்னாள். "எரிக் செத்துட்டான்னு எங்கிட்ட யாரும் சொல்லல."

"எம்பது வருஷம் ஆச்சேக்கா," என்றேன்.

"அடுத்த ரயில்ல வான்னு சொன்னது நான். வராதேன்னு நான் இன்னும் சொல்லல."

சரத்தை மடியில் வைத்துக்கொண்டு, டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தீர்கள். வீட்டுக்கு வந்ததும், சரியான பிடிவாதக்காரி என்று கலாவிடம் சொன்னேன். "இதை நீ சொல்றியாம்மா?" என்றாள்.

அவன் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும், இல்லையா அக்கா? தெரிவது வேறு, பூப் போடுவது வேறு. இது எனக்கு விளங்கவே நீங்கள் போக வேண்டியிருந்தது.

போன பனிக்காலத்தில் நீங்கள் போனீர்கள். உங்கள் படத்தையும் அவன் படத்தையும் கலா பொங்கலுக்குக் கொண்டுவந்தாள். வயசுப்படி அவன் எனக்கு அண்ணன். படத்தில் பேரன் மாதிரி இருக்கிறான்.

போன வாரம் அந்த நாத்தனார் வந்தாள். எங்களுக்குள் பேச்சு உண்டு, மறதிதான் கிடையாது. சுவரைப் பார்த்தாள்.

"ஏண்டி, வெள்ளக்காரக் கெழவிக்கு மாலை, பச்சப்புள்ளைக்கு ஒண்ணுமில்லையா?" கையில் பூவோடு எரிக் படத்துக்குப் பக்கத்திலேயே போய்விட்டாள்.

"வேணாம் அண்ணி. அவன் வர வேண்டியவன்."

யார், எங்கிருந்து என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, கையிலிருந்த பூவைச் சாமி படத்துக்குப் போட்டாள். திரும்பி வந்து எரிக்கின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். அதற்காக நான் சீர் விஷயத்தை விட்டுவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

அக்கா, வாக்குக் கொடுக்கிறேன். நான் இருக்கும்வரை அவன் படத்தில் பூ ஏறாது. எனக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்றும் மருமகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவன் படத்துக்கு அந்தப் பக்கம் என் படத்தை மாட்டச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் எனக்கும் மாலை. நடுவில் இருக்கும் பையனுக்கு வேண்டாம்.

உங்கள் இருவருக்கும் தங்கை,
தனபாக்கியம்
ஒரத்தநாடு